கேன்சல் ஆன போணி

"இது சின்ன வேலைதாங்க, உங்களுக்கு அரை நாள்கூட ஆகாது" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் தலைக்கேறிவிடும். சாஃப்ட்வேர் எழுதுகிறவள் என்றால் வெங்காயம் நறுக்குகிற நேரத்தில் வெப்சைட் செய்து இறக்கிவைத்துவிடுவாள் என்று நினைப்பு. நீலசந்திராவில் நைட்டிக் கடை வைத்திருந்த அக்கா மட்டும் அப்படிச் சொல்லவில்லை. "இது பெரிய வேலைம்மா. உன்னால முடியுமா பாரு" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு மயங்கி ஒப்புக்கொண்டேன். மயங்கியிருக்கக் கூடாது.

அப்போது என் ஆபீசில் ஆட்களைக் குறைக்கிறோம் என்று சொல்லி என்னையும் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ஹெப்பகோடி வாடகை வீட்டின் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை விரித்துக்கொண்டு, சின்னக் கடைகளுக்கு ஆன்லைன் கடை கட்டித் தருகிறேன் என்று நானே ஒரு கம்பெனியாகிவிட்டேன். முதலாளி நான், ஊழியர் நான், திட்டு வாங்குகிறவளும் நான். அக்காதான் என்னிடம் வந்த முதல் ஆள்.

அக்காவின் கடையும் மாடியில் அவர் வீடும் ஒரே பழைய கட்டடம். கட்டடக்காரர் அதை இடித்து அடுக்குமாடி கட்டப்போகிறார், காலி செய்யச் சொல்லிவிட்டார். அக்காவின் மகன் வைட்ஃபீல்டில் பெரிய கம்பெனியில் இருப்பவர், தங்கமான பிள்ளை, அதுதான் தொந்தரவே. "போதும்மா, கடையை விட்டுட்டு எங்ககூட வந்து ரெஸ்ட் எடு" என்று ஒற்றைக் காலில் நின்றார். அக்காவுக்கு ரெஸ்ட் என்றாலே அலர்ஜி. "அங்க எந்த வீட்டுக் கதவும் தொறந்தே நான் பாக்கலம்மா. நான் யார்கூடப் பேசறது, லிஃப்ட்டுகூடயா?" என்பார். பக்கத்துச் சந்தில் ஒரு சின்ன வாடகை அறையைப் பார்த்து வைத்திருந்தார். சரக்கை அங்கே அடுக்கி, வெப்சைட்டில் விற்று, நீலசந்திராவிலேயே கடைக்காரம்மாவாக இருந்துவிடலாம் என்பது அவர் திட்டம்.

மகன் ஒரு நிபந்தனை போட்டார். "உனக்குத் தெரியாத ஒருத்தர், ஒரே ஒருத்தர், நீ காலி பண்றதுக்குள்ள உன் வெப்சைட்ல வாங்கட்டும். அப்புறம் நான் வாயே தொறக்க மாட்டேன். யாரும் வாங்கலைன்னா கெளம்பி வந்துடணும், பிடிவாதம் பிடிக்கக் கூடாது." அக்காவும் வீறாப்பாகச் சரி என்று சொல்லிவிட்டார்.

நான் எடுத்துக்கொண்டது உலகமெல்லாம் பயன்படுத்தும் இலவச ஷாப்பிங் மென்பொருள். கூடை, கூப்பன், டெலிவரி, எல்லாமே அதில் தயாராக இருக்கும். கடைக்குத் தகுந்த மாதிரி இங்கே தட்டி அங்கே ஒட்டிக் கொடுத்தால் போதும். அக்கா ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னார்.

"இது என்னாது, இதயம் போட்டிருக்கு?"

"விஷ்லிஸ்ட்டுக்கா. புடிச்சதை எல்லாம் குறிச்சு வச்சுக்கலாம்."

"வாங்கவா?"

"இல்ல, சும்மா. அப்புறமா வாங்கிக்கலாம்னு."

"ஓஹோ. எல்லாத்தையும் எடுத்துப் போடச் சொல்லிட்டு, அப்புறம் வரேன்னு போறவங்களுக்கு மரியாதை வேறயா? பேடவே பேடா, வேணவே வேணாம். எடுத்துடு."

எடுத்தேன். அடுத்து சைஸ் பட்டியலைப் பார்த்தார். எக்ஸெல், டபுள் எக்ஸெல், ட்ரிபிள் எக்ஸெல் என்று வரிசையாக இருந்தது. அக்கா என்னை ஏதோ கெட்ட வார்த்தை பேசியவளைப் போலப் பார்த்தார். "ஒரு பொம்பளை மூஞ்சைப் பாத்து ட்ரிபிள் எக்ஸெல்னு சொல்லுவியா நீ? மறுபடி வருவாளா அவ? நான் எப்பவும் 'கொஞ்சம் ஃப்ரீயா தரவாம்மா?'ன்னுதான் கேப்பேன்." ஆகவே உலகத்திலேயே முதன்முறையாக ஓர் ஆன்லைன் கடையில் சைஸ்கள் இப்படி வந்தன: அளவா, கொஞ்சம் ஃப்ரீயா, நல்லா ஃப்ரீயா, சொல்லவே வேணாம். கடைசிச் சைஸுக்குப் பெயர் வைத்தது நான்தான். அக்கா அதைக் கேட்டுவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார், அப்படியே இருக்கட்டும் என்றார்.

அதோடு விட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அக்கா, "சரி, போணி எப்படி?" என்று கேட்டார்.

காலையில் ஆகும் முதல் விற்பனைக்கு அந்தக் கடையில் இருந்த மரியாதை சாமிக்குக்கூடக் கிடையாது. முதலில் வருகிறவர் வெறுங்கையோடு திரும்பக் கூடாது. போணிச் சரக்குக்குக் கடன் கிடையாது. போணியை யாரும் திருப்பித் தரவே கூடாது, தந்தால் அன்றைக்கு வியாபாரம் அவ்வளவுதான். இதையெல்லாம் வெப்சைட்டில் எங்கே வைத்திருக்கிறாய் என்று அக்கா கேட்டார். எங்கேயும் வைக்கவில்லை என்றேன்.

"அப்ப ராத்திரி எத்தனை மணிக்கு மூடுது இது?"

"மூடாதுக்கா. எப்பவும் தொறந்தே இருக்கும்."

"மூடாத கடைக்கு மறுநாள் எப்படிம்மா போணி ஆகும்?"

நானும் யோசித்துப் பார்த்தேன். அக்கா கேட்டது நியாயம்தான். அதனால் ஒரு ஷட்டர் செய்தேன். ராத்திரி ஆனால் வெப்சைட் தானாக மூடிக்கொண்டு, இழுத்துச் சாத்திய ஷட்டரின் படத்தைக் காட்டும். காலையில் திறந்ததும் வருகிற முதல் ஆர்டருக்கு அக்காவின் போனில் கோயில் மணி அடிக்கும். அந்த ஆர்டருக்கு மட்டும் வாங்கியவரின் பக்கத்தில் கேன்சல் பட்டனே வராது. எழுதி முடித்து அக்காவிடம் காட்டியபோது பூரித்துப்போனார். "யார் நெனச்சாலும் கேன்சல் பண்ண முடியாது இல்ல?" என்று இரண்டு மூன்று தடவை கேட்டுக்கொண்டார். முடியவே முடியாது என்று நெஞ்சைத் தட்டிச் சொன்னேன்.

திறப்பு விழா வெள்ளிக்கிழமை, ராகு காலம் கழிந்ததும் என்று முடிவானது. வியாழக்கிழமை காலையில் என் வீட்டில் உட்கார்ந்து கடைசிச் சோதனைகளைச் செய்துகொண்டிருந்தேன். பணம் கட்டும் வழி சரியாக வேலை செய்கிறதா என்று நிஜப் பணத்தைக் கட்டித்தான் பார்க்க வேண்டும். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். கடையிலேயே விலை குறைந்த சரக்கான கைக்குட்டை ஒன்றை எடுத்துக் கூடையில் போட்டேன். பெயர் கேட்டது. எங்கள் ஆட்களுக்குச் சோதனையில் சொந்தப் பெயர் போடும் பழக்கமே கிடையாது. இடது கை விரல்கள் எங்கே இருக்கின்றனவோ அந்த எழுத்துகளை வரிசையாக அழுத்துவோம்: ஏ, எஸ், டி, எஃப். போன் நம்பரை இஷ்டத்துக்கு நிரப்பினேன். பின்கோடு சரியாக இருந்தால்தான் ஆர்டர் நகரும் என்பதால் முகவரிக்கு மட்டும் என் வீட்டைப் போட்டேன். பணம் போனது. மற்ற சோதனைகளை எல்லாம் முடித்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து, பணம் திரும்பி வருகிறதா என்று பார்க்க, கடையின் உள்பக்கம் வழியாகப் போய் ஆர்டரைக் கேன்சல் செய்தேன். வந்துவிட்டது. சபாஷ் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு குளிக்கப் போனேன்.

நீலசந்திராவில் என்ன நடந்தது என்று பிறகுதான் தெரிந்தது. அக்காவின் போனில் கோயில் மணி அடித்திருக்கிறது. திறப்பு விழாவுக்கு முன்னாலேயே ஒரு மகராசி வந்து வாங்கிவிட்டாள் என்று அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்கிறார். கற்பூரம் ஏற்றி, பூசணிக்காய் உடைத்து, தெரு முழுக்க மைசூர் பாக் கொடுத்துவிட்டு, மகனுக்குப் போன் போட்டு "ஆச்சுடா! நான் வரல போ!" என்றும் சொல்லிவிட்டார். வாங்கியவருக்கு நன்றி சொல்லலாம் என்று கூப்பிட்டால் அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை. போணிப் பார்சலைக் கூரியரில் போடுவார்களா யாராவது? கைக்குட்டையை மஞ்சள் தடவிய கவரில் வைத்து, வெற்றிலை பாக்கு, பூ, குங்குமம் எல்லாம் சேர்த்து எடுத்துக்கொண்டு அக்கா தானே பஸ் ஏறிவிட்டார். எப்போதும் நான்தான் கடைக்குப் போய் அவரைப் பார்ப்பேன் என்பதால் என் வீடு எது என்று அவருக்குத் தெரியாது. ஆர்டர் கேன்சல் ஆன தகவல், சில்க் போர்டு சிக்னல் நெரிசலில், அவர் கைப்பைக்குள் சத்தம் போடாமல் வந்து விழுந்திருக்கிறது.

அழைப்பு மணி அடித்தது. தலையில் துண்டோடு போய்க் கதவைத் திறந்தேன்.

"அக்கா? நீங்க எங்க இங்க?"

"நீ எங்க இங்க?"

"இது என் வீடுக்கா."

அக்கா கையிலிருந்த துண்டுச்சீட்டைப் பார்த்தார். கதவு நம்பரைப் பார்த்தார். முகமெல்லாம் பல்லாகிவிட்டது. "அட! அஸ்தஃப் அம்மா உங்ககூடத்தான் இருக்காங்களா? ஒரு வார்த்தை சொன்னியா பாரு! மாமியாரா?"

நான் தட்டிய ஏ, எஸ், டி, எஃப்பை அக்கா ஒரு பெயராகவே படித்திருந்தார்.

"கூப்பிடும்மா அவங்களை. என் கையால குடுக்கணும். என்ன கைராசி தெரியுமா! தொறக்காத கடையைத் தொறந்து வச்ச மகராசி."

"உள்ள வாங்கக்கா. தண்ணி குடிங்க மொதல்ல."

"தண்ணி கெடக்குது. கூப்பிடு."

"அக்கா… அது நான்தான்."

"எது?"

"அஸ்தஃப்."

அக்கா துண்டுச்சீட்டில் இருந்த பெயரை மறுபடி படித்தார். பிறகு பெருந்தன்மையோடு தலையை ஆட்டினார். "பரவால்ல விடு. யார் வாங்கினா என்ன, நீயும் சுமங்கலிதானே. என் மவன் தெரிஞ்சவங்க கணக்கில்லன்னு சொல்லுவான், அவனுக்கு வேற ஆளைக் காட்டிக்கலாம். போணி போணிதான். இந்தா, கைய நீட்டு."

நான் கையை நீட்டவில்லை. "வாங்கிட்டேன்க்கா. ஆனா அப்புறம் கேன்சலும் பண்ணிட்டேன்."

வெற்றிலைத் தட்டு சோபாவின் மேல் இறங்கியது. அக்காவும் கூடவே இறங்கினார்.

"கேன்சலா? போணியையா? நீதானேடி அந்தப் பட்டனை எடுத்தே! யாராலயும் முடியாதுன்னு சொன்னியேடி!"

"வாங்கறவங்களுக்குத்தான்க்கா இல்ல. எனக்கு உள்பக்கமா ஒரு வழி இருக்கு…"

"ஊரை எல்லாம் வெளிய நிக்கவச்சுட்டு உனக்கு மட்டும் பின்பக்கக் கதவு வச்சுக்கினியா? நல்லா இருக்குடி உன் நியாயம்!"

"சும்மா டெஸ்ட்டுக்கா அது! எல்லாரும் பண்றதுதான்!"

"டெஸ்ட்டு பண்ண ஊர்ல வேற கடையே கெடைக்கலையா உனக்கு?"

எனக்கும் சுருக்கென்று கோபம் வந்தது. என்ன அநியாயம்! நான் கட்டிய கடையை நான் சோதிக்காமல் யார் சோதிப்பார்கள்? அந்த ஆர்டரை இருந்த சுவடு தெரியாமல் அழித்துவிடுகிறேன், புதிதாக இன்னொன்று போடுகிறேன் என்று கத்தினேன். அக்கா என்னோடு சேர்ந்து கத்தியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவர் கத்தவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நீ கம்ப்யூட்டர்ல அழிச்சா ஆச்சா? வந்தது திரும்பிப் போச்சும்மா. இனி இதுல ராசி ஏது? தெருவெல்லாம் ஸ்வீட்டு குடுத்துட்டேன் வேற. விடு, நான் என் மவன் வீட்டுக்கே போயிடறேன்" என்றார். இந்த மனுஷியை அந்த லிஃப்ட்டோடு பேசவிட்டுவிட்டேனே என்று அழுகையே வந்துவிட்டது.

அழுதுகொண்டேதான் கேட்டேன். "உங்க கடையில இத்தனை வருஷத்துல ஒருத்தர்கூடவா போணியைத் திருப்பிக் கொண்டாரல?"

"கொண்டாந்தா? நான் துட்டைத் திருப்பித் தருவேனா? மாத்தி வேற எடுத்துக்கோன்னுதான் சொல்லுவேன்."

"மாத்திக்கிட்டா ராசி கெடாதா?"

"அது எப்படிக் கெடும்? துட்டு கல்லாவுலதானே இருக்கு." சொல்லிவிட்டு அக்கா மூக்கைத் துடைப்பதை நிறுத்தினார். நானும் நிறுத்தினேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

உலகமெல்லாம் பயன்படுத்தும் அந்த மென்பொருளில் வாங்கலாம், திருப்பலாம். மாற்றிக்கொள்ள வழி இல்லை. அதைச் செய்தவர்கள் எந்த ஊர்க்காரர்களோ, நம் ஊர்க் கடை ஒன்றில்கூட ஏறி இறங்கியிருக்க மாட்டார்கள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். கேன்சல் ஆன ஆர்டரை மறுபடி எழுப்பி நிறுத்தி, கைக்குட்டையை எடுத்துவிட்டு, அதைவிட விலை கூடுதலான சரக்கு ஒன்றை வைத்து, மிச்சப் பணத்தை மட்டும் கட்டச் சொல்ல வேண்டும். அக்கா அதற்குள் என் சமையலறைக்குள் புகுந்து, இஞ்சி இல்லாத வீடு ஒரு வீடா என்று திட்டிக்கொண்டே டீ போட்டார். மாற்று நைட்டிக்கு எங்கே போவது என்று நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. வெளியே போனால் பையில் நான்கு நைட்டி இல்லாமல் அக்கா போவதில்லை. கிளிப்பச்சையில் ஆளுயரச் சூரியகாந்தி போட்ட ஒன்றை எடுத்து உதறினார்.

"எனக்கு நைட்டி பழக்கமே இல்லைக்கா."

"போட்டுப் பாத்து சரியா இருக்குன்னு சொன்னாத்தான் மாத்தினதா அர்த்தம். போடு."

சுடிதாருக்கு மேலேயே மாட்டிக்கொண்டேன். 'சொல்லவே வேணாம்' சைஸ். அந்தக் கோலத்தில் மிச்ச நிரலையும் எழுதி முடித்துப் பணத்தைக் கட்டினேன். அக்காவின் கைப்பைக்குள் மணி அடித்தது. அக்கா எனக்குக் குங்குமம் வைத்து, மகனுக்குப் போன் போட்டு வாங்கினது தெரிஞ்ச பொண்ணுதான், கணக்கில்ல என்று ஒப்புக்கொண்டு, அஸ்தஃப் அம்மா பெயரை மட்டும் மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

வெள்ளிக்கிழமை கடை திறந்தது. யாரும் வாங்கவில்லை. சனிக்கிழமையும் இல்லை. அடுத்த வாரமும் இல்லை. ஆட்கள் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். அதை அக்காவிடம் சொன்னது என் புத்திகெட்டதனம். "எட்டிப் பாத்துட்டா போறாங்க? வாசல்ல நின்னு கூப்பிட வேணாமா?" என்று பிடித்துக்கொண்டார். வெப்சைட் திறந்ததும் தானாகச் சத்தம் வருவதைவிட எங்கள் தொழிலில் கேவலம் வேறு கிடையாது. முடியாது என்று சண்டை போட்டேன். கடைசியில் அக்காவின் குரலைப் பதிவு செய்து போட்டேன். யார் கடையைத் திறந்தாலும் "வாம்மா, உள்ள வா, பாத்துட்டுப் போ, வாங்கணும்னு இல்ல" என்று அக்கா கூப்பிட்டார். அவர்களும் உள்ளே வந்தார்கள், பார்த்தார்கள், வாங்காமலேயே போனார்கள்.

காலி செய்யும் நாள் வந்தேவிட்டது. உதவிக்கு நானும் போயிருந்தேன். மகன் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். ஒரு மினி லாரி வாசலில் நின்றது. மிச்சச் சரக்கை ஒரு மொத்த வியாபாரியிடம் இறக்கிவிட்டு, அக்காவின் பெட்டியோடு நேராக வைட்ஃபீல்டு போவதாக ஏற்பாடு. நைட்டி மூட்டைகள் எல்லாம் ஏறிவிட்டன. பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டார்கள். பார்த்து வைத்திருந்த வாடகை அறையின் வீட்டுக்காரம்மா தெருவோடு போனபோது, அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். சொன்ன வார்த்தையை மீறுகிற ஆள் இல்லை அவர். எனக்கு யாரையாவது அறைய வேண்டும் போலிருந்தது, அறைவதற்குத் தகுந்த ஆள் யாரும் அங்கே இல்லை.

"சிஸ்டர், நீங்க ஃபீல் பண்ணாதீங்க. நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க" என்றார் மகன். அந்த நல்ல மனசு என்னை இன்னும் கடுப்பேற்றியது.

டிரைவர் வண்டியைக் கிளப்பினார். அந்த நேரம் பார்த்து அக்காவின் போனில் கோயில் மணி அடித்தது. ஆர்டர். சந்தாபுராவிலிருந்து ஓர் அம்மா.

அக்கா முதலில் திரும்பியது என் பக்கம்தான். "உன் வேலையாடி?"

"சத்தியமா இல்லைக்கா! என் போன் பையில கெடக்கு, பாருங்க!"

அக்கா நம்பவில்லை. ஆர்டரில் இருந்த நம்பருக்கே போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார். எதிர்முனையில் ஒரு பெண் குரல், பாதி கன்னடம் பாதி தமிழில், எரிச்சலோடு பேசியது. "ஆமாங்க, நான்தான் போட்டேன். ஒண்ணு கேக்கணும். அந்த மெரூன் கலர் சாயம் போகுமா? போன தடவை வேற எடத்துல வாங்கி என் துணியெல்லாம் வீணாப்போச்சு."

"சாயமா? என் கடையிலயா? இரும்மா, லைன்லயே இரு, கையில எடுத்துப் பாத்தே சொல்றேன்" என்றார் அக்கா. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகி, லாரியின் சக்கரத்தில் கால் வைத்து மேலே ஏறிவிட்டார். நானும் டிரைவரும் பதறிப்போய்க் கீழே நின்று கையை நீட்டினோம். அக்கா மூட்டைகளுக்கு நடுவே முட்டி போட்டு, ஒன்றைக் கட்டுப் பிரித்து, மெரூன் நைட்டியை இழுத்து, நுனியை எச்சிலால் நனைத்துக் கட்டைவிரலால் தேய்த்து வெளிச்சத்தில் பார்த்தார். "ஒரு சொட்டு போகாதும்மா. பளிச்சுனு இருக்கு. சொல்லு, வேற என்ன காட்டட்டும்?"

"அம்மா," என்றார் மகன், "வண்டி வெயிட்டிங். இறங்கும்மா."

அக்கா போனைக் கையால் பொத்திக்கொண்டார். கீழே பார்த்து, கடையில் நிற்கும்போது பேசுகிற அதே குரலில் அதட்டினார். "சும்மா இருடா. கடையில ஆள் இருக்காங்க."

மகன் லாரியைப் பார்த்தார். காலியாகக் கிடந்த கடையைப் பார்த்தார். பிறகு டிரைவரிடம் போய் எஞ்சினை அணைக்கச் சொன்னார்.